வெந்நீர் பிடிக்கப் போனவர்

ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் பிடிக்கப் போனவர் இன்னும் வரவில்லை. குழாய் இந்தப் பெட்டியின் கோடியில்தான் இருக்கிறது, காலையில் அவளே போய்ப் பிடித்து வந்தாள், போய்வர எவ்வளவு நேரம் ஆகும், வழியில் எவனையாவது பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றிருப்பார், பாஷை தெரியாத தேசத்தில் இந்த மனுசனுக்கு மட்டும் பேச ஆள் எப்படித்தான் கிடைக்கிறதோ என்று நினைத்தபடி வசந்தாமணி நூடுல்ஸ் டப்பாவின் மூடியைப் பாதி பிரித்தாள். உள்ளே இருந்த மசாலாப் பொட்டலத்தை முகர்ந்து பார்த்து ஓரமாக வைத்தாள். என்ன கறியின் வாசம் என்று யார் கண்டது. ஊரிலிருந்து கொண்டுவந்த பருப்புப்பொடியை அள்ளிப் போட்டு மறுபடி மூடி, மூடியைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். கீழ் பெர்த் அவளுடையது. மேலே நடு பெர்த் அவருடையது. அதற்கும் மேலே கூரையை ஒட்டி மூன்றாவது பெர்த், அதில் யாரோ ஒருத்தர் நேற்று ஏறியதிலிருந்து இறங்காமல் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். ரயில் சீனாவில் செங்டு என்கிற ஊருக்குப் போகிறது. மலையைக் குடைந்து குடைந்து போகிறது. வெயிலில் ஒரு ஆறும், ஆற்றோரம் படிப்படியாக யாரோ போட்ட கீரைப் பாத்தியும் தெரிந்து, அட, எவ்வளவு அழகு என்று நினைப்பதற்குள் கண்ணாடி கறுத்து அதில் அவள் மூஞ்சியே தெரியும், சுரங்கம். காது அடைக்கும். எச்சிலை விழுங்கினால் திறக்கும். நடுவில் ஒரு ஸ்டேஷனில் வண்டி நின்றது. நின்றதே! அப்போது அவர் இங்கே இருந்தாரா, போய்விட்டிருந்தாரா? போய்விட்டிருந்தார். அவள் பிளாட்பாரத்தைப் பார்க்கவில்லை, நடைபாதையில் மூட்டையோடு போன கூட்டத்துக்கு நடுவில் தங்கள் முதுகுப்பைகளைக் காலால் உள்ளே தள்ளிக் காவல் காத்துக்கொண்டிருந்தாள். பையைப் பார்த்த கண் ஆளைப் பார்க்கவில்லை. வண்டி கிளம்பி எத்தனை சுரங்கம் ஆகிவிட்டது.

இறங்கியிருப்பார். இறங்காமல் இருக்கவே மாட்டார். ரயில் நின்றால் கால் தரையில் பட வேண்டும் அவருக்கு. ஈரோட்டில், ஜோலார்பேட்டையில், எங்கே நின்றாலும் இறங்கி, ஒரு டீயை வாங்கி, ஊதி ஊதிக் குடித்து, வண்டி நகர ஆரம்பித்த பிறகு கூடவே நாலு எட்டு நடந்து கம்பியைப் பிடித்து ஏறினால்தான் ரயிலில் போன மாதிரி இருக்குமாம். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு "ஏனுங், ஏறுங், ஏறுங்" என்று கத்துவாள். அவர் சிரிப்பார். அவள் கத்துவதைக் கேட்கத்தான் இறங்குகிறாரோ என்றுகூட அவளுக்குச் சந்தேகம் உண்டு. இந்த நாட்டு ரயிலில் அது நடக்காது. கிளம்புவதற்கு முன்னாலேயே கதவைச் சாத்திப் பூட்டிவிடுகிறார்கள். முதல் நாளே அவள் கும்பிடாத குறையாகச் சொன்னாள், இங்க வேண்டாமுங், இங்க கதவு ஆளுக்காக நிக்காதுங் என்று. செரி செரி என்றார். அவருடைய செரிக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? இப்போது எந்த ஸ்டேஷனில், எந்த மலைக்கு நடுவில், ஃபிளாஸ்க்கும் கையுமாக நிற்கிறாரோ. போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார், இதோ தலைமாட்டில் தொங்குகிறது. அதில்தான் இந்த ஊர் சிம் இருக்கிறது, அதில்தான் பேசினால் மொழிபெயர்த்துச் சொல்கிற சமாச்சாரம் இருக்கிறது, அதைத் திறக்க ஏதோ கோலம் போட வேண்டும், அந்தக் கோலம் அவர் விரலுக்குத்தான் தெரியும். பாஸ்போர்ட் ரெண்டும் அவர் கழுத்துப் பையில், சட்டைக்கு உள்ளே. அப்படியானால் அவள் யார்? இந்த ரயிலில், சுடிதார் போட்டுக்கொண்டு, நூடுல்ஸ் டப்பாவை அமுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் இந்தப் பொம்பளை யார் என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு காகிதம் இல்லை. அதுகூடப் பரவாயில்லை. இறங்கியிருந்தால்கூடப் பரவாயில்லை, இறங்கினவர் எப்படியும் அடுத்த வண்டி பிடித்து வந்துவிடுவார். இறங்காமல் இருந்தால்? கக்கூசில் தாழ் போட்டுக்கொண்டு உள்ளே விழுந்து கிடந்தால்? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு?

அந்த நினைப்பு வரக் கூடாது என்றுதான் இத்தனை நேரம் கதவையும் போனையும் நினைத்துக்கொண்டிருந்தாள். வந்துவிட்டது. அன்றைக்கும் இப்படித்தான், கம்பெனியில் பவர் டேபிள் தையல் மெசினில் பனியனுக்குக் கழுத்துப்பட்டி ஓட்டிக்கொண்டிருந்தவர் தண்ணீர் குடிக்க எழுந்து போனார், வரவில்லை, பானைக்குப் பக்கத்தில் பனியன் துண்டுகளின் மேல் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார். ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் "பேஷண்ட் பேரென்னம்மா?" என்று கத்தினாள். வசந்தாமணி வாயைத் திறந்தாள், மூடினாள். முந்தானையில் சுருட்டி எடுத்து வந்த ரேஷன் கார்டை நீட்டினாள். "பேரைக் கேட்டா கார்டைக் காட்டறீங்க, வாய்ல என்ன கொழுக்கட்டையா?" என்றாள் நர்ஸ். ஊர் முழுக்கச் சென்னியப்பன் என்று கூப்பிடுகிற மனுசனை அவள் மட்டும் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. சொன்னால் ஆயுசு குறையும் என்று கல்யாணத்தன்றைக்கு அம்மா காதில் போட்டு அனுப்பினாள். அந்தப் பேரோடு ஒட்டினது எதையும் சொல்ல வராது அவளுக்கு. சென்னிமலைக்கு பஸ் ஏறினால் "மலைக்கு ரெண்டு" என்பாள், எந்த மலைக்கும்மா என்று கண்டக்டர் கேட்டால் பெட்ஷீட் நெய்கிற மலைக்கு என்பாள். சென்னையை இன்னமும் மெட்ராஸ் என்றுதான் சொல்கிறாள், அது வேறு இது வேறு என்று தெரிந்தும், எதற்கு வம்பு என்று. மகள் தாரணி சிரிப்பாள். "நான் டெய்லி என்ற வீட்டுக்காரனைப் பேர் சொல்லித்தான் கூப்புடறேன், அவன் குண்டாயிட்டேதான் போறான்" என்பாள். அது அவர்கள் காலம். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு பனியன் கம்பெனிக்கு, தைக்கிறவருக்குத் துணி மடித்துக் கொடுக்கிற கைமடி வேலைக்குப் போனவளுக்கு அம்மா சொன்னதுதான் படிப்பு. அதுவும் இல்லாமல், அன்றைக்குச் சொல்லவில்லை, அவர் பிழைத்துக்கொண்டார். ஸ்டென்ட் வைத்தார்கள், டாக்டர் பார்த்தார், மருந்து வேலை செய்தது, எல்லாம் சரி. ஆனால் அவள் சொல்லவில்லை, அவர் பிழைத்தார். இந்த ரெண்டுக்கும் நடுவில் ஒரு நூல் ஓடுகிறது, அதை அறுத்துப் பார்க்கிற தைரியம் யாருக்கு இருக்கிறது?

பிழைத்து வந்தவர்தான் சொன்னார், நம்ம மெசினெல்லாம் எந்த ஊர்ல செஞ்சானோ அந்த ஊரைப் பாத்துட்டு வந்தர்லாம் அம்மிணி என்று. விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தாள். தாரணி டிக்கெட் போட்டாள், ஒரே அறையில் எட்டுக் கட்டில் போட்ட விடுதிகளாகப் பார்த்து இடம் போட்டாள். பயப்படுவதற்கு இந்த நாட்டில் எவ்வளவு இருந்தது! ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள், நூல் வெட்டும் ட்ரிம்மரை எடுத்து டப்பாவில் போட்டுக்கொண்டார்கள், திருநீற்றுப் பொட்டலத்தை ஒருத்தி பிரித்து முகர்ந்து பார்த்தாள், அவள் உடனே நெற்றியில் பூசிக் காட்டினாள், அந்தப் பெண் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டாள். கீரை வாங்கப் போனால் கிழவிகூட நோட்டை வேண்டாம் என்று தள்ளி போனைக் காட்டச் சொன்னாள். போன் அன்றைக்குப் பார்த்துச் செத்துக் கிடக்க, யாரோ ஒரு வழிப்போக்கர் தன் போனைக் காட்டிக் காசு கட்டிவிட்டு நிற்காமல் போனார், நன்றி சொல்வதற்குக்கூட முதுகுதான் கிடைத்தது. எங்கே போனாலும் சுடுதண்ணீர். ரயிலில், ஸ்டேஷனில், விடுதியில், எங்கே கையை நீட்டினாலும் காசில்லாமல் சுடச்சுடத் தண்ணீர் கொடுக்கிற நாடு கெட்ட நாடாக இருக்க முடியுமா? மாத்திரை போட அவருக்கு வெதுவெதுப்பான தண்ணீர்தான் வேண்டும். மாத்திரை! காலை மாத்திரை போட்டாரா? போட்டார், அவள்தான் கொடுத்தாள். போட்டதைப் பார்த்தாளா? கையில் கொடுத்தாள். கையில் கொடுத்ததும் விழுங்கியதும் ஒன்றா?

எதிர் பெர்த்தில் ஊதா ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண், அவள் வயதுதான் இருக்கும், சுருட்டை வைத்த முடி, இத்தனை நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள் போல. எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நடு பெர்த்தைக் காட்டினாள், கையை விரித்தாள். எங்கே? அதற்குப் பாஷை வேண்டியதில்லை. வசந்தாமணிக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே ஃபிளாஸ்க் பிடிக்கிற மாதிரி கையை வைத்துக் காட்டினாள், குழாயைத் திருகிக் காட்டினாள், ரெண்டு விரலால் நடந்து காட்டினாள், நடந்து போன விரல் திரும்பி வரவில்லை என்று காட்டினாள். அந்தப் பெண் "ஐயோ" என்றாள். நிஜமாக ஐயோ என்றே சொன்னாள், இவர்களுக்கும் ஐயோதானா என்று அந்த நேரத்திலும் வசந்தாமணிக்கு ஆச்சரியமாக இருந்தது. கோடிவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள் அவள், கக்கூஸ் கதவைத் தட்டிவிட்டு வந்தாள், அங்கே இல்லை என்று தலையாட்டினாள், பிறகு தொப்பியும் சீருடையுமாக அந்தப் பெட்டியைக் கவனித்துக்கொள்கிற பெட்டிக்காரியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினாள். பெட்டிக்காரி வாக்கிடாக்கியில் பேசினாள். கரகரவென்றது. சுரங்கம். மறுபடி பேசினாள், மறுபடி சுரங்கம். தன் போனை எடுத்து ஏதோ சொல்லி வசந்தாமணியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். போன் தமிழ் பேசியது. செய்தி வாசிக்கிற மாதிரி பேசியது. "கவலைப்பட வேண்டாம். ஒலிபெருக்கியில் அழைக்கிறோம். அவருக்கு எங்கள் மொழி தெரியாது. அவருடைய பெயர் மட்டுமே அவருக்குப் புரியும். உங்கள் கணவரின் பெயரைக் கூறவும்."

"அவங்க பேருங்களா?" என்றாள். போன் அதை எப்படிச் சொன்னதோ, பெட்டிக்காரி இன்னும் பக்கத்தில் நீட்டினாள். "அவங்க வந்துங்க... தாரணி அப்பாங்க" என்றாள். பெட்டிக்காரி படித்துப் பார்த்து, அது மகள் பேர் ஆயிற்றே என்கிற மாதிரி விழித்தாள். "உங்கள் கணவரின் பெயரைக் கூறவும்" என்றது போன். எழுதிக் கொடுக்கலாம் என்று நினைத்தாள். தமிழில் எழுதினால் இவர்களில் யார் படிப்பது, இங்கிலீஷில் அவளுக்குத் தன் பேரையே பாதிதான் எழுத வரும். பின்னாலேயே வரச் சொல்லிப் பெட்டிக்காரி நடக்க ஆரம்பித்தாள். பைகள்? ஊதா ஸ்வெட்டர்க்காரி ரெண்டு பையையும் தன் பெர்த்தில் தூக்கிப் போட்டு, அவற்றின் மேல் உட்கார்ந்தே காட்டினாள். போ, போ என்று கையை ஆட்டினாள். நேற்று வரைக்கும் பையை விட்டு ஒரு எட்டு நகராதவள் இன்றைக்குத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாள். ஒவ்வொரு பெட்டியாக, தொங்குகிற கால்களுக்கும் காய்கிற துண்டுகளுக்கும் நடுவில், பெட்டியும் பெட்டியும் சேருகிற இடத்தில் ஆடுகிற தகட்டின் மேல் பயந்து பயந்து கால் வைத்து. சொல்லிவிடலாம். என்ன ஆகிவிடும்? சொன்னால் ஆயுசு குறையும். சொல்லாவிட்டால் அவர் எங்கேயோ விழுந்து கிடந்து அதுவும் குறையும். எவ்வளவு குறையும் என்று அம்மா சொல்லவில்லை. ஒரு தரம் சொன்னால் ஒரு நாளா, ஒரு வருசமா? ஒரு வருசம் என்றால்கூட என் கணக்கில் எடுத்துக்கொள், அவர் கணக்கில் கை வைக்காதே என்று யாரிடம் சொல்வது, இந்த மலைகளுக்கு அடியில் நம் சாமிக்குக் காது கேட்குமா? கேட்கும். கேட்காவிட்டால் நோட்டை வாங்காத கிழவிக்குக் காசு கொடுக்க வழிப்போக்கன் எங்கிருந்து வந்தான்? எதிர் பெர்த்தில் ஊதா ஸ்வெட்டர் எப்படி வந்தது? இத்தனை நாள் ஒரு குறை வைக்காமல் கூட்டிக்கொண்டு வந்தது எதுவோ, அது இனிமேல் மட்டும் கையை விட்டுவிடுமா? அவளை நன்றாகத்தான் வைத்திருந்தார் அவர். கோபம் வந்தால் சாப்பிடாமல் போவாரே ஒழிய ஒரு சொல் தடித்துச் சொன்னதில்லை. உடம்பு சரியில்லாமல் போனதற்குக்கூட அவளிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி பார்த்தவர். சொல்லிவிடலாம். சொல்லிவிட வேண்டியதுதான். வாய்க்குள் அந்தப் பேரை உருட்டிப் பார்த்தாள், புதுப் பல் மாதிரி இடித்தது. சாப்பாட்டுப் பெட்டியை ஒட்டி ஒரு சின்ன மேஜை, மேஜையில் ஒரு மைக். பெட்டிக்காரி ஒரு பொத்தானை அமுக்கி, தன் பாஷையில் ஏதோ சொல்லிவிட்டு மைக்கை அவள் வாய்க்கு நேரே பிடித்தாள். ம், என்று கண்ணைக் காட்டினாள்.

வசந்தாமணி சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சத்தியமாக அந்தப் பேரைத்தான் சொல்ல வாயைத் திறந்தாள். "ஏனுங்" என்று வந்தது. தலைக்கு மேலே பெட்டியில் அவள் குரலே பெரிதாகக் கேட்க, பயத்தில் இன்னும் சத்தமாக வந்தது. "ஏனுங்! ஏனுங், எங்க இருக்கறீங்? ஏனுங், வாங்! வந்துருங், ஏனுங்!" ரயில் முழுக்க, பெர்த்துக்குப் பெர்த்து, நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டிருந்தவர்கள், சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள், குறட்டை விட்டவர் எல்லாரும் கேட்டிருப்பார்கள், அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்துகிற கத்தல். பெட்டிக்காரி பொத்தானை விட்டாள். சத்தம் நின்றது. சக்கரம் ஓடுகிற சத்தம் மட்டும். அவ்வளவுதான், பேரையும் சொல்லவில்லை, ஆளும் வரவில்லை என்று அவள் திரும்பியபோது சாப்பாட்டுப் பெட்டியின் அந்தக் கோடியில், பூட்டியிருந்த கதவை யாரோ தடதடவென்று தட்டினார்கள். சமையல்காரர் ஒருத்தர் கரண்டியோடு போய்த் திறந்தார். ஒரு கையில் ஃபிளாஸ்க், அக்குளில் செய்தித்தாள் பொட்டலம், மூச்சிரைக்க அவர் ஓடி வந்தார்.

"என்னாச்சு அம்மிணி? உனக்கு என்னாச்சு?"

"எனக்கென்னாச்சு? உங்களுக்கு என்னாச்சு? எதுக்கு ஓடி வாரீங்க, டாக்டர் ஓடச் சொன்னாரா? நில்லுங். மூச்சு வாங்குங். மாத்திர போட்டீங்களா காலைல?"

"போட்டனே."

"நெசமா?"

"அட போட்டேன்ங்கறேன். ஸ்டேஷன்ல சோளம் வேவிச்சு வித்தாங்க. நீ இந்த நூடுல்ஸைத் தொட மாட்டியேன்னுதான் எறங்குனேன். திரும்பறதுக்குள்ள நம்ம பெட்டிக் கதவைச் சாத்திட்டான் படுபாவி. கடைசிப் பெட்டில ஒருத்தன் கையைப் புடிச்சு உள்ள இழுத்துப் போட்டான், நல்ல மனுசன். நடுவுல இந்தக் கதவு பூட்டு. சாப்பாட்டு நேரம் முடிஞ்சாத்தான் தெறப்பாங்களாமா. உக்காருன்னு சைகை காட்டுனாங்க, உக்காந்தேன். சூரியகாந்தி வெதை குடுத்தாங்க."

"நல்லாத் தின்னீங்களாக்கும். இங்க ஒருத்தி உசுரு போயி உசுரு வந்துட்டிருக்குது."

"உன்ற சத்தம் கேட்டதும் கையில இருந்த வெதையெல்லாம் கொட்டிட்டேன் புள்ள" என்றார் அவர். அவள் ஃபிளாஸ்க்கை வாங்கிக்கொண்டாள், இன்னும் சுட்டது. திரும்பி நடந்தார்கள். பெட்டிக்குப் பெட்டி ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள், ஒரு கிழவர் பெர்த்திலிருந்து எழுந்து அவர் தோளைத் தட்டினார். ஊதா ஸ்வெட்டர்க்காரி பைகளின் மேலிருந்து எழுந்து வந்து அவள் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பொட்டலத்தைப் பிரித்து முதல் சோளத்தை அவளுக்குத்தான் கொடுத்தாள் வசந்தாமணி. மற்றதை ஒடித்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எத்தனை பேருக்குக் கடன்பட்டாயிற்று இந்த ஒரு மத்தியானத்தில் என்று அவள் ஒவ்வொருத்தராக நினைத்தாள், கையைப் பிடித்து இழுத்துப் போட்டவன், கதவைத் திறந்த கரண்டிக்காரர், பையின் மேல் உட்கார்ந்தவள், மைக்கைப் பிடித்தவள், ஒருத்தர் பேரும் தெரியாது. பேர் தெரிந்துதான் கும்பிட வேண்டும் என்று யார் சொன்னது.

"மைக்குதான் கையில இருந்துதல்ல, பேரையே சொல்லிருக்கலாமல்ல?" என்றார் அவர், கண்ணோரம் சிரித்துக்கொண்டு. "இங்க யாருக்குத் தெரியப்போவுது."

"சொல்லியிருந்தா வந்திருப்பீங்களாக்கும். எவளோ எவனையோ கூப்புடறான்னு வெதையை ஒடைச்சுட்டு உக்காந்திருப்பீங்க."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். யோசித்தார். "அதுஞ் செரிதான்" என்றார்.

சொல்லத்தான் போனேன் என்று அவள் அவரிடம் சொல்லவில்லை. அதை எப்போதாவது சொல்லிக்கொள்ளலாம், அதற்கெல்லாம் நாள் இருக்கிறது. பெட்டிக்காரி திரும்பி வந்தாள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள், அவளுக்கும் வியர்த்திருந்தது. போனில் ஏதோ சொல்லி நீட்டினாள். "ஏனுங் அவர்கள் உடல்நலத்துடன் இருக்கிறாரா?" என்றது போன். அவர் திருத்திச் சொல்ல வாயைத் திறந்தார். வசந்தாமணி அவர் தொடையை ஒரு அமுக்கு அமுக்கினாள். போனுக்குக் கிட்டே குனிந்து, அதற்குக் காது கேட்காதோ என்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "நல்லா இருக்காருங்க." போன் அதை அவர்கள் பாஷையில் சொன்னது. எவ்வளவு சின்னதாக இருந்தது, சொல்லி முடித்ததே தெரியவில்லை. பெட்டிக்காரி சிரித்தாள், எதிர் பெர்த்துக்காரி கை தட்டினாள். வசந்தாமணி போனைக் காட்டி, இன்னொருக்கா சொல்லச் சொல்லுங்க என்று விரலை நீட்டினாள்.